பொனட்டை வெட்டினால் சூடு குறையுமா?

காத்தான்குடியிலிருந்து கல்முனைக்குக் கொள்முதலுக்குப் போகையில், குருக்கள்மடத்தில் என் மொரிஸ் மைனர் 1000 கொதித்து நின்றது. 1956இல் அறிமுகமான வகை. கராஜ்காரர் பொனட்டை வெட்டி, முன்பார்த்த காற்றுவாய் வைத்தார். மறுவாரமும் கொதித்தது. மழைநீர் இறங்கி டிஸ்ரிபியூட்டரும் நனைந்தது.

இன்னொரு மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். குழாய்களெல்லாம் துரு அடைப்பு. "தண்ணீர் ஓடாமல் காற்று மட்டும் என்ன செய்யும்? மேலால் காற்றைத் திணித்தால் உள்ளே அழுத்தம் கூடும். ரேடியேட்டர் வழியே வரும் காற்றுத்தான் குறையும். சூட்டுக்காற்று வெளியேறவும் வழி வேண்டும், நானா" என்றார். கழுவிப் பூட்டி, பேன் பெல்ட்டும் மாற்றினார். அதன்பின் கொதிக்கவில்லை. வெட்டிய பொனட்தான் நட்டம்.

வியாபாரமும் இப்படித்தான். கையில் காசு தட்டுப்பட்டதும் புதுக்கடன் எடுக்காதீர்கள். நிலுவை எங்கே அடைத்துக் கிடக்கிறதென்று முதலில் கொப்பியைத் திறந்து பாருங்கள்.