நூறு ரூபாய்க்கு நாலு பைசா

‘ஒரே நாடு, ஒரே தேர்தல்’ வேண்டும் என்பவர்கள் முதலில் எடுத்துப் போடுவது செலவுக் கணக்கைத்தான். கணக்கையே பார்த்துவிடலாம்.

1951-52 பொதுத்தேர்தலுக்கு அரசு செலவிட்டது 10.45 கோடி ரூபாய், வாக்காளர்கள் 17.32 கோடி, தலைக்கு 60 பைசா. 2014 மக்களவைத் தேர்தலுக்குச் சுமார் 3,870 கோடி, வாக்காளர்கள் 83.4 கோடி, தலைக்கு 46 ரூபாய். இடையில் ஏறிய விலைவாசியை நினைத்தால் மலைக்க ஒன்றுமில்லை. இதை ஐந்தாண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 774 கோடி. 2014-15 மத்திய பட்ஜெட் சுமார் 17.95 லட்சம் கோடி. அதாவது, நூறு ரூபாய்க்கு நாலு பைசா. சட்டமன்றத் தேர்தல் செலவு மாநிலங்களுடையது. இரண்டும் சேர்ந்து நடந்தால் மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கும். மிச்சம் என்று சொல்லப்படுவது இதற்குள்தான் இருக்கிறது.

அந்த மிச்சத்திலும் ஒரு பற்று உண்டு. சேர்த்து நடத்தினால் ஒவ்வொரு சாவடிக்கும் இரண்டு செட் இயந்திரம் வேண்டும். 2029-க்கு 46,75,100 வாக்குப்பதிவுப் பெட்டிகள், 33,63,300 கட்டுப்பாட்டுப் பெட்டிகள், 36,62,600 விவிபேட் ஒப்புகைச்சீட்டு இயந்திரங்கள் தேவை என்று தேர்தல் ஆணையம் கணக்குக் கொடுத்தது. அப்போது சொன்ன உத்தேச விலை முறையே 7,900, 9,800, 16,000 ரூபாய். கையிருப்பைக் கழிக்காமல் பெருக்கினால் 12,849 கோடி வருகிறது. இயந்திரத்தின் ஆயுளோ 15 ஆண்டு. பிறகு மறுபடி வாங்க வேண்டும்.

இந்த முறையைக் கொண்டுவரும் 129-ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதா 2024 டிசம்பர் 17-இல் மக்களவையில் அறிமுகமானபோது ஆதரவு 269, எதிர்ப்பு 198. அறிமுகத்துக்கு அது போதும். நிறைவேற, வாக்களித்த 467 பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 312 பேர் வேண்டியிருந்திருக்கும். மசோதா 39 பேர் கொண்ட கூட்டுக்குழுவுக்குப் போனது.

மசோதாவின்படி, 2029 மக்களவையின் முதல் அமர்வில் புதுமுறை தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். 2031-இல் தேர்வாகும் தமிழகச் சட்டமன்றம் 2034-இல் மக்களவையோடு சேர்ந்து முடியும். ஐந்தாண்டு ஆயுள் மூன்றாண்டாகும். 2036-இல் வர வேண்டிய தேர்தல் இரண்டாண்டு முன்னதாக வரும். நடுவில் ஆட்சி கவிழ்ந்தாலும் இதே கதைதான்: புதுத் தேர்தல் எஞ்சிய காலத்துக்கு மட்டும். சிக்கனத்துக்கென்று வந்த மசோதா கூடுதல் தேர்தல்களுக்கும் வழி வைத்திருக்கிறது!

பெரிய தொகை அரசுக் கணக்கில் இல்லவே இல்லை. பெரிய மாநிலங்களில் வேட்பாளருக்கு மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம் உச்சவரம்பு. தமிழகத்தின் 234 தொகுதிகளிலும் நிற்கும் கட்சியின் வேட்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து 93.6 கோடிக்கு மேல் காட்ட முடியாது. டீ, பிரியாணி, நாற்காலி வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரி விலைப்பட்டியல் போடுவார். வேட்பாளர் எழுதும் நோட்டை ஒத்துப்பார்க்க ஆணையத்தின் நிழல் பதிவேடும் இருக்கும். தொண்டர் குடித்த டீக்குக் கணக்கு உண்டு. நட்சத்திரப் பேச்சாளர் பறந்து வந்த ஹெலிகாப்டர் வேட்பாளர் கணக்கில் ஏறாது. கட்சிக்கோ வரம்பே கிடையாது.

2019 தேர்தலில் எல்லாத் தரப்பும் சேர்ந்து செலவிட்டது 55,000 முதல் 60,000 கோடி என்று சென்டர் ஃபார் மீடியா ஸ்டடீஸ் மதிப்பிட்டது. அதில் 12,000 முதல் 15,000 கோடி வாக்காளர் கைக்கே நேரடியாகப் போனதாம். அதே ஆண்டு பணப் பட்டுவாடா புகாரில் வேலூர்த் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5-இல்தான் நடந்தது. ஒரே தேர்தல் முறையை ஆராய்ந்த கோவிந்த் குழுவின் அறிக்கை 18,626 பக்கம். அதன்பின் வந்த மசோதாவில் கட்சிச் செலவுக்கு வரம்பு கட்டும் பிரிவு ஒன்றுகூட இல்லை.