கேட்பது எமது உரிமை

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் சகோதரிகள் பலர். கூரை ஒழுகினாலும் வடிகான் அடைபட்டாலும் மாநகர சபையில் போய்க் கேட்கத் தயங்குகிறோம். அந்தப் பயம் காரணமில்லாததல்ல. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத் தாக்கல் செய்ததால், மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது.

அன்று எமக்காக ஒரு நிறுவனம் கேட்டது. இன்று நாமே கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. தகவல் அலுவலரிடம் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொல்லலாம். ஏன் கேட்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை.

எமது தொடர்மாடியைத் திருத்த எவ்வளவு ஒதுக்கப்பட்டது? வேலை எப்போது தொடங்கும்? சபை நடத்திய விழாவுக்கு எவ்வளவு செலவானது? இவற்றைக் கேளுங்கள். வீடு தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபைக்குரியதானால் அங்கே கேளுங்கள். விண்ணப்பம் கிடைத்ததென்று எழுத்தில் வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. தனியே போகப் பயமென்றால், அயலவர் நாலு பேராகச் சேர்ந்து போவோம்.