குட்டை நெல்லும் டெல்லாப் புரதமும்

சபாக் பெர்னாம் வட்டாரத்தில், செக்கிஞ்சானிலும் சுங்கை பெசாரிலும் பரந்து கிடக்கும் நெல்வயல்களில் விளைந்த பயிர் இடுப்பளவே நிற்கின்றது. முற்காலத்து நெல்லோ மார்பளவுக்கு மேல் வளரும். உரமிட்டால் இன்னும் நீளும். கதிர் முற்றும் தறுவாயில் காற்றும் மழையும் வந்தால் பயிர் சாய்ந்து, மணிகள் நீரில் ஊறிப் பாழாகும். உழவனின் ஆறு திங்கள் உழைப்பு ஓரிரவில் போய்விடும். இந்நிலை மாறியது எவ்வாறு?

1926ஆம் ஆண்டில் தைவானில் குரோசாவா என்னும் ஜப்பானிய அறிஞர், நாற்றுகள் அளவுமீறி நெடுநெடுவென வளர்ந்து மடியும் நோய் ஒன்றை ஆராய்ந்தார். ஒரு பூஞ்சணம் வெளிவிடும் பொருளே அதற்குக் காரணம் எனக் கண்டார். 1935இல் யபுத்தா என்பவர் அப்பொருளுக்கு ஜிப்பரலின் எனப் பெயரிட்டார். பயிர்களும் அதனைத் தம்முள் உண்டாக்குகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று.

தண்டு நீள வேண்டுமாயின் அதற்குரிய மரபணுக்கள் செயற்பட வேண்டும். அவற்றைச் செயற்படத் தூண்டும் புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்பர். இக்காரணிகளைப் பற்றிக்கொண்டு, மரபணுவை அணுகவிடாமல் தடுப்பவை டெல்லா என்னும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பால்மரம் வெட்டப் புறப்பட்டவரின் கையைப் பிடித்து நிறுத்திவைப்பதை இச்செயல் ஒக்கும். ஜிப்பரலின் வந்ததும் ஓர் ஏற்பிப் புரதத்தோடு இணைகின்றது. அவ்வேற்பி டெல்லாவைப் பற்ற, உயிரணு டெல்லாவை அழித்துவிடுகின்றது. விடுபட்ட காரணிகள் தம் வேலையைத் தொடங்கத் தண்டு நீள்கின்றது. இந்த ஏற்பி 2005இல் நெல்லிலேயே கண்டறியப்பட்டது.

கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியாகிய அராபிடாப்சிஸில் டெல்லாப் புரதங்கள் ஐந்து உள. அவற்றுள் சில தண்டைக் கட்டுப்படுத்துகின்றன. ஒன்று விதை முளைப்பதை முதன்மையாக அடக்குகின்றது. நெல்லிலோ இத்தகைய புரதம் ஒன்றே உண்டு. அது பழுதுபட்டால் பயிர் ஒல்லியாக நீண்டு மலடாகிவிடும்.

1966இல் பிலிப்பைன்ஸிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. மலேசியாவில் அது ‘ரியா’ எனப் பெயர் பெற்றது. அதில் ஜிப்பரலினை ஆக்கும் மரபணு ஒன்று குறைபட்டிருந்தமை 2002இல் அறியப்பட்டது. ஜிப்பரலின் குறையவே டெல்லா அழியாமல் நின்றது; பயிர் குட்டையாயிற்று. குட்டைக் கோதுமையிலோ ஜிப்பரலினுக்குக் குறைவில்லை. அங்கே டெல்லாவே மாறுபட்டு, அழிவுக்கு இணங்காமல் நிற்கின்றது. வழி இரண்டு, முடிவு ஒன்று.

ஆயினும் இந்நன்மைக்கு ஒரு விலையுண்டு. நெல்லின் டெல்லா, தழைச்சத்தை உறிஞ்சத் தூண்டும் மற்றொரு படியெடுப்புக் காரணியையும் அடக்கிவிடுகின்றது. ஆகவே குட்டைப் பயிருக்கு உரம் மிகுதியாக வேண்டியிருக்கின்றது. 2018இல் சீன, ஆங்கில அறிஞர்கள் அக்காரணியை மிகுவித்துப் பார்த்தனர். பயிர் உயராமலே தழைச்சத்தை நன்கு ஏற்று, விளைவும் பெருகிற்று.

தண்டை அடக்கும் பிடி இருக்க, பசியை அடக்கும் பிடியை மட்டும் தளர்த்துவதே இனி வேண்டுவது. அது கைகூடினால் உழவனின் உரச்செலவு குறையும். வயலிலிருந்து வழிந்தோடி ஆற்றுநீரைக் கெடுக்கும் உரமும் குறையும்.