நூலைக் கொண்டாடும் நாள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆயுதபூசை நாளன்று எந்திரங்கள் ஓய்வு கொள்ளும். தொழிலாளர் அவற்றைத் துடைத்துத் தூய்மை செய்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி வழிபடுவர். வீடுகளிலோ நூல்களை அடுக்கி வைத்து வணங்குவர். விழா முடிந்ததும் எந்திரங்கள் மீண்டும் சுழலத் தொடங்கும். அடுக்கிய நூல்களுள் ஒன்றையேனும் எடுத்து, மறுநாள் சிறிது படித்தல் வேண்டும் என்பதும் முன்னோர் வகுத்த முறை. ஒரு நாள் போற்றுதல், பின்வரும் நாள்களில் பயன்கொள்வதற்கே என்பது இதனால் விளங்கும்.

இக்காலத்தில் நூல்களைப் போற்றுதற்கெனத் தனி நாள்கள் பல குறிக்கப்பட்டுள்ளன. சவகர்லால் நேரு பிறந்த நவம்பர் 14 நம் நாட்டில் குழந்தைகள் நாள். அன்று தொடங்கி 20 ஆம் நாள் வரை தேசிய நூலக வாரம் நடைபெறும். ஏப்ரல் 2 பன்னாட்டுச் சிறுவர் நூல் நாள். 1967 முதல் கொண்டாடப்படும் இந்நாள், டென்மார்க்கு நாட்டுக் கதையாசிரியர் ஆண்டர்சன் பிறந்த நாளாகும். 1805 இல் பிறந்த அவர், செருப்புத் தைத்துப் பிழைத்த ஏழை ஒருவரின் மகன். வறுமை அவரைக் கல்வியினின்று தடுக்க முயன்றதேயன்றி வெல்லவில்லை.

இந்நாளைத் தோற்றுவித்த அமைப்பின் வரலாறு அறியத்தக்கது. யெல்லா லெப்மன் என்னும் யூத அம்மையார், இட்லரின் கொடுங்கோலாட்சிக்கு அஞ்சிச் செர்மனியை விட்டு நீங்கியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 இல் அவர் அந்நாட்டிற்குத் திரும்பினார். நகரங்கள் இடிந்து கிடந்தன. குழந்தைகள் பசியோடு அலைந்தனர். உணவைப்போல நூலும் அவர்களுக்கு இன்றியமையாதது என அவர் எண்ணினார். விலை கொடுக்கப் பொருளில்லை. ஆதலின், சிறுவர் நூல்களை நன்கொடையாக வழங்குமாறு பல நாடுகளுக்கு மடல் எழுதினார். செர்மானியப் படையால் இருமுறை அல்லலுற்ற பெல்ஜியம் முதலில் மறுத்தது. அம்மையார் தளர்ந்தாரல்லர்; மீண்டும் வேண்டினார். அந்நாடும் மனம் இரங்கி நூல்களை அனுப்பியது. அவ்வாறு திரண்ட நூல்களைக் கொண்டு 1946 இல் மியூனிக் நகரில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. பின்னர், 1953 இல் சிறுவர் நூல்களுக்கான பன்னாட்டு அமைப்பும் அவர் முயற்சியால் உருவாயிற்று. பகைவர் பிள்ளைகளுக்கும் நூல் வழங்கிய பண்பிலிருந்தே இவ்விழா முளைத்தது.

நம் நாட்டினரும் இத்துறையில் பின்தங்கினாரல்லர். வங்கியில் பணிபுரிந்த அழ. வள்ளியப்பா, 1950 இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவிச் சிறுவர்க்கென எழுதுவோரை ஒன்று திரட்டினார். சீகாழியில் தோன்றிய சீ. இரா. அரங்கநாதன், 1931 இல் நூலகத்திற்குரிய ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். நூல் பயன்படுத்துவதற்கே உரியது என்பது அவற்றுள் முதலாவது.

இவ்விதியின் அருமையை யான் காலந்தாழ்த்தே உணர்ந்தேன். யான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் நூல் அலமாரியின் திறவுகோல் என்னிடம் இருந்தது. ஆண்டுதோறும் குழந்தைகள் நாளன்று நூல்களை மேசைமீது பரப்பி வைப்போம், மாலையில் பூட்டிவிடுவோம். ஒருமுறை ஒரு மாணவன் படங்கள் நிறைந்த நூலொன்றை வீட்டிற்குக் கொண்டுசெல்ல வேண்டி நின்றான். அழுக்காகிவிடும் எனக் கூறி மறுத்தேன். அடுத்த ஆண்டு திறந்தபோது, அந்நூலைச் செல் அரித்திருந்தது. மாணவன் கைபட்டு அழுக்கான நூல் பயன்பட்ட நூல். செல்லுக்கு இரையான நூலோ எவர்க்கும் பயன்படாது ஒழிந்தது. அன்றுமுதல் அலமாரியைப் பூட்டுவதை விடுத்தேன். சில நூல்கள் காணாமற் போயின; எனினும், பல நூல்கள் தேய்ந்து திரும்பின. அத்தேய்வு கண்டு மகிழ்ந்தேன்.

மாணவர்களே! 1948 இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் வழியாக, உங்கள் பெற்றோர் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்கிறது. ஆதலின், கிளை நூலகம் உங்களுக்கு உரிமையுடையது. அங்கு உறுப்பினராகுங்கள். திருவள்ளூர் வட்டாரத்துச் செங்கற்சூளைகளிலும் ஆலைகளிலும் உழைக்க வெளிமாநிலங்களிலிருந்து வந்தோரின் பிள்ளைகள் உங்கள் அருகில் அமர்ந்திருக்கலாம். தமிழ் எழுத்தறியாத தோழனுக்கு ஒரு கதையைப் படித்துக் காட்டுங்கள். விழா நாளில் நூலுக்கு மாலை சூட்டுவது எளிது. மறுநாள் அதனைத் திறப்பதே உண்மையான வழிபாடாகும்.