உரிமம் வழங்குவோர் யார்? கள்ளுக்கடை முதல் கேளிக்கை மையம் வரை: வட செபராங் பிறையை முன்வைத்து ஒரு விளக்கம்

கெப்பாலா பத்தாஸ், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் வட செபராங் பிறை மாவட்டத்தின் நிருவாகத் தலைமையிடமாக விளங்கும் சிறுநகர். துன் அப்துல்லா அகமது படாவி 1978 முதல் 2013 வரை நாடாளுமன்றத்தில் பேராளராக வீற்றிருந்த தொகுதி என்ற அளவிலேயே இவ்வூரைப் பலரும் அறிவர். நமது ஆய்வுக்கு இவ்வூர் வேறொரு காரணத்தால் முதன்மை பெறுகின்றது. மதுக்கூடம் ஒன்று திறக்கப்படலாமா, கேளிக்கை மையம் ஒன்று இயங்கலாமா என்னும் வினாக்கள் இத்தகைய மாவட்ட அலுவலகங்களிலும் ஊராட்சி மன்றங்களிலுமே தீர்மானிக்கப்படுகின்றன. அத்தீர்மானத்தை எடுப்பவர் யார், அதனால் பாதிப்புறும் மக்களுக்கு அதில் என்ன இடம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சட்டத்தின் அமைப்பைக் காண்போம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களை நடுவணரசுக்கும் மாநிலங்களுக்கும் பிரித்தளிக்கின்றது. சுங்கமும் கலால் வரியும் நடுவணரசின் பட்டியலில் அடங்கும். நாடக அரங்கு, திரையரங்கு, பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றுக்கு உரிமம் வழங்குவதோ மாநிலப் பட்டியலில் இடம்பெறுகின்றது. ஆகவே ஒரே கூரையின்கீழ் மதுவும் இசையும் வழங்க விரும்பும் ஒருவர் இருவேறு அதிகார எல்லைகளுக்குள் நுழைய வேண்டியவராகின்றார்.

பத்தாம் அட்டவணையின் மூன்றாம் பகுதி தமிழர்க்கு இன்னும் சுவையானது. மாநிலங்களுக்கு ஒதுக்கப்பட்ட வருவாய் இனங்களை வரிசைப்படுத்தும் அப்பகுதியில் முதலாவதாக நிற்பது கள்ளுக்கடை வருவாய். நிலம், சுரங்கம், வனம் ஆகியவற்றின் வருவாய் அதற்கு அடுத்ததே. கேளிக்கை வரி நான்காவதாக வருகின்றது. தோட்டப்புறத் தமிழரின் மாலைநேரக் குவளை, ஒரு நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் தனி இனமாகப் பதிவு பெற்றுள்ளது. வரலாற்று நூல்களில் தோட்டத் தொழிலாளர்க்குக் கிடைத்த இடத்தைக் காட்டிலும் இது உறுதியான இடம் என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

இன்றைய நடைமுறையில் மது விற்பனையை ஆள்வது 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டம். அதன்கீழ் உரிம விண்ணப்பங்களை மாவட்ட அளவிலான உரிம வாரியம் ஆராய்கின்றது. பொதுவாக மாவட்ட அதிகாரியே அதற்குத் தலைமை ஏற்கின்றார். சுங்கத் துறைக்கும் இதில் பங்குண்டு. கடை இயங்கும் கட்டடத்திற்கான வணிக உரிமம் ஊராட்சி மன்றத்தின் கையில் இருக்கின்றது. வட செபராங் பிறைக்கு அம்மன்றம் செபராங் பிறை மாநகர் மன்றமாகும். 1976இல் நகராண்மைக் கழகமாக அமைந்த அது, 2019 செப்டம்பர் 16இல் மாநகர்த் தகுதி எய்தியது.

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு இம்மன்றத்திற்கு வழங்கியுள்ள அதிகாரம் பெரிது. உரிமத்திற்குத் தான் தக்கதெனக் கருதும் நிபந்தனைகளை அது விதிக்கலாம். காரணம் எதுவும் கூறாமலே எந்நேரத்திலும் உரிமத்தை மீட்டுக்கொள்ளலாம். காரணம் கூற வேண்டாத அதிகாரம் என்பது இருபுறமும் கூருடைய வாள். குடியிருப்புப் பகுதியின் அமைதியைக் காக்கவும் அது பயன்படும். மக்களின் கேள்விக்கு விடையளிக்காமல் ஒதுங்கவும் பயன்படும்.

இவ்வமைப்பைத் தமிழர் புதிதாகச் சந்திக்கவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் நகரங்களில் அரசாங்கக் கள்ளுக்கடைகளும் தோட்டங்களில் தோட்ட நிருவாகத்தின் உரிமத்தில் நடந்த கடைகளும் இருந்தன. தென்னங்கள் சில மணி நேரத்திலேயே புளித்து முற்றும் தன்மையது. மரத்திற்கும் கடைக்கும் தொலைவு மிகலாகாது. இதனால் கடை லயத்தின் அருகிலேயே அமைந்தது. கூலி கொடுப்பவரும் கள் விற்பவரும் ஒருவரே என்னும் நிலை உருவாயிற்று. ஈட்டிய ஆதாயம் தொழிலாளர் நலனுக்கான நிதியில் சேர்க்கப்பட்டது என்பர். தொழிலாளி குடித்த பணத்தைக் கொண்டே அவனுக்கு நலப்பணி செய்யும் அந்த ஏற்பாட்டைக் கொடை என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை. அந்நிதியின் செலவில் தொழிலாளியின் கருத்து கேட்கப்படவில்லை என்பதே நாம் இங்குக் கருதத்தக்கது.

கடைகளை மூடினால் தொழிலாளர் கள்ளச் சாராயமான சம்சுவை நாடுவர் என்பது அக்கால அதிகாரிகளின் வாதம். இதனை வெறும் சாக்கென்று தள்ளிவிட இயலாது. பிற்காலத்தில் சம்சு விளைத்த கேட்டை பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகள் எடுத்துரைத்து வந்துள்ளது. ஆயினும், தொழிலாளர் தாமே கடையை மூடுமாறு கேட்டபோது அவ்வாதம் அவர்களின் வாயை அடைக்கவே பயன்பட்டது.

அவர்கள் கேட்டதற்குச் சான்றுண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், ஊதிய உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டாத உரிமை ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒன்றாக இருந்தது. ஊதியமும் தன்மானமும் குடியும் அவர்களுக்கு வெவ்வேறு சிக்கல்களாகத் தோன்றவில்லை.

போருக்குப் பின்னர் இக்கோரிக்கை நமது களத்திற்கு அண்மையிலேயே வெடித்தது. கெப்பாலா பத்தாஸிலிருந்து வடக்கே மூடா ஆற்றைக் கடந்தால் கெடா மாநிலம். அங்குப் பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. சீருடையும் அணிவகுப்பும் கொண்ட அவ்வியக்கம் கள்ளுக்கடை மறியலைத் தன் முதற்பணியாகக் கொண்டது. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங்கில் நிகழ்ந்த மறியல் காவல்துறையினருடனான மோதலாக மாறி, தொழிலாளி ஒருவர் உயிரிழக்கவும் நேர்ந்தது. கைதுகள் தொடர்ந்தன, இயக்கம் ஒடுக்கப்பட்டது. குடித்தவரைத் தாமே தண்டிக்கும் போக்கும் படையினரிடம் இருந்ததை மறைத்தல் நேர்மையாகாது. எனினும், உரிமம் பற்றி முறையிட ஒரு மன்றமும், அம்மன்றத்தில் ஓர் இருக்கையும் அவர்களுக்கு இருந்திருப்பின், மறியல் வாயிலில் ஓர் உயிர் போயிருக்குமா என்று நாம் வினவுதல் தகும்.

அத்தகைய மன்றம் சிறிது காலம் இருக்கவே செய்தது. ஜார்ஜ் டவுனில் 1951இல் நகராண்மைத் தேர்தல் நடைபெற்றது. 1957 சனவரி முதல் நாள் அந்நகர் மாநகராக உயர்ந்தபோது, முதல் மாநகர்த் தலைவராக அமர்ந்தவர் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் என்னும் தமிழர். வாக்காளர்க்கு விடையளிக்க வேண்டிய ஒருவர் நகரின் உரிமங்களுக்குப் பொறுப்பேற்ற காலம் அது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அவ்வாண்டே அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது; அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடர வேண்டும் என அவரது ஆணையம் 1968இல் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தல் விதிகளைச் செயலிழக்கச் செய்தது. பினாங்கு மாநிலம் 2012இல் ஊராட்சித் தேர்தலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியபோதிலும், 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அம்முயற்சியை ஏற்க மறுத்தது.

இன்று மன்ற உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகின்றனர். எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்து நால்வர்க்கு மேற்படாமலும் அமையும் அவ்வுறுப்பினர்கள், தத்தம் சமூகத்தின் நலனைப் பேராளராக நின்று எடுத்துரைக்க வல்லவராகவும் இருக்கலாம் எனச் சட்டம் கூறுகின்றது. தமிழர் ஒருவர் அவ்வாறு அமரும்போது அவர் யாருக்குப் பொறுப்பாளர் என்ற வினா எழாமற் போவதில்லை. நியமித்த கட்சிக்கா, கடையை அடுத்த அடுக்குமாடியில் வாழும் குடும்பங்களுக்கா?

கோலாலம்பூர் நிகழ்வு இதற்கோர் ஒப்பீடு. மளிகைக் கடை, வசதிக் கடை, சீன மருந்துக் கடை ஆகியவற்றில் கடுமது விற்பனைக்குத் தடை விதிக்கும் வழிகாட்டியை மாநகர் மன்றம் 2020 நவம்பரில் அறிவித்தது. 2021 அக்டோபரில் நடப்புக்கு வரவேண்டிய அது பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. பியர் விற்பனை காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை என வரையறுக்கப்பட்டது. விவாதம் சமயம், இனம் ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் சுழன்றது. மலிவு மதுவால் சீரழியும் ஏழைக் குடும்பங்களின் குரல் எத்தரப்பிலும் தெளிவாகக் கேட்கவில்லை என்பது நமது கருத்து. தடையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் உரிமத்தை உரிமைச் சிக்கலாகவே கண்டனர்.

2017 டிசம்பர் முதல் மது வாங்குவதற்கான வயது வரம்பு 18இலிருந்து 21ஆக உயர்ந்துள்ளது. இது நாடு முழுமைக்குமான விதி. எந்தத் தெருவில், எந்தப் பள்ளிக்கு எத்தனை அடி தொலைவில் கடை அமையலாம் என்பதை அவ்விதி தீர்க்காது. அது வாரியத்திற்கும் மன்றத்திற்கும் உரியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபின், லயத்துக் கள்ளுக்கடையின் இடத்தை மூலைக் காப்பிக் கடையின் சம்சுப் புட்டி பற்றிக்கொண்டது. அதன் விளைவைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வருகைப் பதிவேட்டிலேயே காண்கின்றார்.

தேர்தல் இல்லாத நிலையில் எஞ்சியிருப்பது மனு ஒன்றே. உரிமம் காலவரையறை உடையது. புதுப்பிக்கப்படும்போது நிபந்தனைகளை மீண்டும் ஆராய இடமுண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கோயில் நிருவாகமோ மாவட்ட அலுவலகத்திற்கும் மாநகர் மன்றத்திற்கும் தனித்தனியே எழுத வேண்டும். ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றை எட்டும் என எதிர்பார்த்தல் வீண். பொதுவாகக் குடியைக் கண்டிக்கும் கடிதத்தைவிட, கடையின் முகவரி, பள்ளி விடும் நேரம், கூட்டம் கூடும் நேரம், நேர்ந்த சச்சரவுகளின் நாள் ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு பக்கக் கடிதமே பயன் தரும். மன்றம் காரணம் கூற வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆயினும் கோப்பில் சேர்ந்துவிட்ட கடிதத்தை அடுத்த புதுப்பிப்பின்போது அதிகாரி ஒருவர் புரட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.