மோடெமுக்கு மொழி தந்த நிறுவனம்



கணினிக்குத் தெரிந்தவை ஒன்று, பூச்சியம் என்ற இரண்டு இலக்கங்களே. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. ஆகவே, கணினியின் செய்தியைக் கம்பியில் அனுப்ப வேண்டுமானால் ஒன்றுக்கு ஓர் ஓசை, பூச்சியத்துக்கு வேறோர் ஓசை என மாற்றியாக வேண்டும். மறுமுனையில் அந்த ஓசைகள் மீண்டும் இலக்கங்களாக வேண்டும். இவ்விரு வேலைகளையும் செய்யும் கருவிக்கு மோடெம் என்று பெயர்.

வீட்டுக் கணினிகளுக்கு மோடெம் செய்து பெயர் பெற்றது ஹேய்ஸ் நிறுவனம். 1977ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் என்ற இருவர் அதைத் தொடங்கினர். ஹேய்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவர்களின் முதல் பட்டறை.

அக்காலத்து மோடெம்கள் பலவற்றுக்கு மனிதக் கை தேவைப்பட்டது. நாமே எண்ணைச் சுழற்றி, மறுமுனையில் ஓசை கேட்டதும் ரிசீவரைக் கருவியின் இரு குழிகளில் பதித்து வைக்க வேண்டும். இந்த வேலையைக் கணினியே செய்யக் கூடாதா? செய்யலாம்; ஆனால் ஒரு சிக்கல். கணினியிலிருந்து மோடெமுக்குச் செய்தியும் கட்டளையும் ஒரே வழியாக வருகின்றன. எது மறுமுனைக்குப் போக வேண்டியது, எது தனக்கு இட்ட கட்டளை என்று மோடெம் எப்படி அறியும்?

1981இல் வெளிவந்த ஸ்மார்ட்மோடெம் இதற்கு விடை தந்தது. கட்டளைகள் ‘ஏடி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும். ‘கவனி’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் முதலிரு எழுத்துகள் அவை. பெரட்டில் தண்டல் முதலில் ஆளின் பெயரைக் கூப்பிட்டு, பிறகு வேலையைச் சொல்வாரல்லவா? அதுபோலத்தான். எண்ணைச் சுழற்று, அழைப்பை எடு, தொலைபேசியை வை என்பனவற்றை அடுத்த எழுத்து சொல்லும்.

செய்தி போய்க்கொண்டிருக்கும்போது கட்டளையிட வேண்டுமானால்? ஒரு விநாடி மௌனம். மூன்று கூட்டல் குறிகள். மறுபடியும் ஒரு விநாடி மௌனம். செய்திக்குள் கூட்டல் குறிகள் வரலாம். ஆனால் முன்னும் பின்னும் அப்படி மௌனம் வருவது அரிது. ஹெதரிங்டனின் இந்த உத்திக்கு 1985இல் காப்புரிமை கிடைத்தது.

அந்த மோடெம் விநாடிக்குச் சுமார் 30 எழுத்துகளே அனுப்பியது. ஆயினும் அதன் கட்டளை மொழியைப் பிற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. அவை மலிவான மோடெம்களை விற்கவே, போட்டியில் ஹேய்ஸ் தளர்ந்தது. 1994இல் நொடித்து, மீண்டு, 1998இல் மறுபடியும் நொடித்தது, 1999இல் கலைக்கப்பட்டது. ஆனால் ‘ஏடி’ கட்டளைகள் கைப்பேசி மோடெம்களில் இன்றும் வழங்குகின்றன.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வானொலிப் பெட்டியைக் காட்டி, “இதற்கு எப்படித் தெரிகிறது?” என்று கேட்டால் அதட்டிவிடாதீர்கள். ஸ்மார்ட்மோடெம் விடை தந்ததும் அப்படிப்பட்ட கேள்விக்குத்தான். பதில் தெரியாவிட்டால் ஆசிரியரிடம் அனுப்புங்கள், சேர்ந்து தேடுவோம்.