பிழையான எண்ணிலிருந்து பின்னோக்கி: சம்பளச் சீட்டும் செய்நிரல் சீவலும்

தோட்டத்தில் சம்பளச் சீட்டைக் கையில் வாங்குபவர் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். கைக்கு எவ்வளவு? அந்த எண் நினைத்ததற்குக் கிட்டவாக இருந்தால் சீட்டு மடிந்து பைக்குள் போய்விடும். குறைந்திருந்தால் கந்தோருக்குப் போய்க் கேட்பார்கள். முன்பு கணக்கப்பிள்ளையோடு வாதாடலாம். இப்போது பல இடங்களில் வரும் பதில், "கம்பியூட்டர் அப்படித்தான் காட்டுது" என்பதுதான். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரிவதில்லை.

நான் இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவன். இன்று மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். கணினி காட்டும் எண் பிழையாக இருந்தால் அதைக் கண்டுபிடிப்பது என் தொழிலின் பாதி. அதற்கு எங்களிடம் உள்ள முறைகளில் ஒன்றை இங்கே விளக்க விரும்புகிறேன். கணினி படிக்காதவரும் அதைப் புரிந்துகொள்ளலாம். புரிந்துகொண்டால் கந்தோரில் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

பீலியிலிருந்து மேலே

லயத்துப் பீலியில் ஒருநாள் கலங்கல் தண்ணீர் வருகிறது. யாரும் மலை முழுவதையும் தேடப் போவதில்லை. அந்தப் பீலிக்கு வரும் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவோம். வேறு லயத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஊற்றுகளையும் குழாய்களையும் தொடமாட்டோம். நம் பீலிக்கு வந்து சேராத தண்ணீர் நம் பீலியைக் கலக்கியிருக்க முடியாது.

செய்நிரலிலும் இதே வேலையைச் செய்யலாம் என்பதை 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் வைசர் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் முறைப்படுத்தினார். பிழையாகத் தெரியும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணைப் பாதிக்கக்கூடிய வரிகளை மட்டும் பின்னோக்கித் தேடிச் சேர்க்க வேண்டும். மற்ற வரிகளை ஒதுக்கிவிடலாம். மிஞ்சும் சிறு பகுதிக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'சீவல்' என்று சொல்லலாம். அனுபவமுள்ள நிரலாளர்கள் பிழை தேடும்போது தங்களை அறியாமலே இப்படித்தான் யோசிக்கிறார்கள் என்று 1982இல் அவர் ஒரு பரிசோதனைக் கட்டுரையும் வெளியிட்டார்.

பன்னிரண்டு வரிக் கணக்கு

விளக்கத்துக்காக நானே கட்டிய ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நாட்சம்பளமாக 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவை எடுத்திருக்கிறேன். மற்ற எண்கள் கற்பனை.

1. முழுப்பேர் = 18
2. அரைப்பேர் = 4
3. நாட்சம்பளம் = 1,350
4. மேலதிகக் கிலோ = 36
5. கிலோ விலை = 50
6. முற்பணம் = 5,000
7. மொத்தப் பேர் = முழுப்பேர் + (அரைப்பேர் ÷ 2)
8. அடிப்படை = மொத்தப் பேர் × நாட்சம்பளம்
9. மேலதிகம் = மேலதிகக் கிலோ × கிலோ விலை
10. சேமலாபம் = முழுப்பேர் × நாட்சம்பளம் × 8 ÷ 100
11. கழிவு = சேமலாபம் + முற்பணம்
12. கைக்கு = அடிப்படை + மேலதிகம் − கழிவு

இந்தக் கணக்கின்படி கைக்கு 21,856 ரூபா வரும். சேமலாபக் கழிவு 1,944 ரூபா. ஆனால் 20 பேருக்கான அடிப்படைச் சம்பளம் 27,000 ரூபா. அதில் 8 சதவீதம் 2,160 ரூபா. ஆக 216 ரூபா குறைகிறது. எங்கே பிழை?

'கைக்கு' என்ற எண்ணிலிருந்து தேடத் தொடங்கினால் பன்னிரண்டு வரிகளும் அதற்குள் வந்துவிடும். எல்லாமே கடைசியில் அதில்தான் சேர்கின்றன. 'சேமலாபம்' என்ற எண்ணிலிருந்து தொடங்கினால் நிலைமை வேறு. பத்தாம் வரி முழுப்பேரையும் நாட்சம்பளத்தையும் பயன்படுத்துகிறது. அவை ஒன்றாம், மூன்றாம் வரிகளில் இருக்கின்றன. அவ்வளவுதான். சீவலில் இருப்பவை 1, 3, 10 ஆகிய மூன்று வரிகள் மட்டுமே. முற்பணம், மேலதிகக் கிலோ பற்றிய சண்டைகள் இங்கே தேவையில்லை.

இப்போது அந்த மூன்று வரிகளில் இல்லாததைக் கவனியுங்கள். இரண்டாம் வரி இல்லை, ஏழாம் வரியும் இல்லை. அரைப்பேர் நாட்கள் சேமலாபத்துக்குள் வந்து சேரவே இல்லை. பத்தாம் வரி அடிப்படைச் சம்பளத்திலிருந்து கணக்கிட்டிருக்க வேண்டும். யாரோ முழுப்பேரை மட்டும் எடுத்து எழுதிவிட்டார்கள். சீவலில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே, வந்திருக்க வேண்டியது வராமல் இருப்பதும் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தப் பிழையில் இன்னொரு விடயமும் இருக்கிறது. கழிவு குறைந்ததால் அந்த மாதம் கைக்கு 216 ரூபா கூடுதலாகவே வருகிறது. எனவே யாரும் முறையிட மாட்டார்கள். ஆனால் தொழில் வழங்குநர் செலுத்தும் 12 சதவீதமும் இதே வரியைப் பின்பற்றினால் அங்கே 324 ரூபா குறையும். இரண்டும் சேர்ந்து மாதம் 540 ரூபா. ஒவ்வொரு மாதமும் இப்படியே நடந்தால், இருபது வருடத்தில் வட்டியைச் சேர்க்காமலே 129,600 ரூபா. கொழுந்து பறித்தோ பால் வெட்டியோ தேய்ந்த கை ஓய்வுபெறும் நாளில்தான் அந்தக் குறை தெரியவரும். கடைசி வரியை மட்டும் பார்ப்பது போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தீர்மானிக்கும் வரிகளும் ஓடிய வரிகளும்

உண்மையான சம்பளச் செய்நிரல் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்டது. அதில் எண்களைக் கொடுக்கும் வரிகள் மட்டுமல்ல, தீர்மானிக்கும் வரிகளும் உண்டு. 'அன்றைய கொழுந்து நிர்ணயித்த கிலோவைத் தொட்டால் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர்' என்பது அப்படியான வரி. அது சம்பளத்தில் நேரடியாக எதையும் கூட்டுவதில்லை. ஆனாலும் எது கூட்டப்படும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஆகவே அதையும் சீவலில் சேர்க்க வேண்டும்.

1988இல் போக்டன் கோரெல், யானுஷ் லாஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் இதை இன்னும் சுருக்கினார்கள். செய்நிரலில் எழுதப்பட்ட எல்லா வரிகளும் ஒவ்வொரு முறையும் ஓடுவதில்லை. போயா நாள் வேலைக்கான விதி எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் பிழை வந்த அந்த மாதத்தில் அந்தத் தொழிலாளி போயா நாளில் வேலைக்கே போகவில்லை என்றால் அந்த வரிகள் குற்றவாளியாக இருக்க முடியாது. அந்த ஆளுக்கு, அந்த மாதத்தில் உண்மையில் ஓடிய வரிகளை மட்டும் எடுப்பது 'இயங்குநிலைச் சீவல்' எனப்படும்.

பின்னோக்கிப் பார்க்காததன் விலை

இலண்டனில் உறவினர்கள் உள்ளவர்கள் பிரித்தானியத் தபாற்கந்தோர் விவகாரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் பாவனைக்கு வந்தது. உப தபாலதிபர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. மென்பொருள் சரி, ஆட்கள்தான் திருடினார்கள் என்று நிர்வாகம் நின்றது. 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் வீட்டை இழந்தார்கள்.

2015இல் ஸ்கொட்லாந்தின் டெல்மெலிங்டனில் நடந்ததைப் பாருங்கள். 8,000 பவுணைப் பதிவு செய்யும்போது திரை உறைந்துவிட்டது. பொத்தான் மீண்டும் மீண்டும் அழுத்தப்பட, ஒரே தொகை நான்கு தடவை பதிவாகி 24,000 பவுண் பற்றாக்குறை தோன்றியது. அந்த எண்ணிலிருந்து பின்னோக்கிப் போனால் ஒரே தொகையின் நான்கு பதிவுகளில் வந்து நிற்போம். 2019 டிசம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் ஹொரைசனின் பிழைகளால் பற்றாக்குறை தோன்றியிருக்கக்கூடும் என்று தீர்ப்பளித்தது. 2024இல் தனிச் சட்டமொன்று நூற்றுக்கணக்கானோரின் குற்றத்தீர்ப்புகளை இரத்துச் செய்தது. எண்ணின் தடத்தைக் காட்டும் பொறுப்பு மென்பொருளை வைத்திருப்பவருக்கு உரியது. அங்கே அது அறிவே இல்லாத ஆட்களின் மேல் அல்ல, ஆதாரத்தைப் பார்க்க வழியே இல்லாத ஆட்களின் மேல் சுமத்தப்பட்டது.

தடம் முடியும் இடம்

சீவல் எல்லாவற்றையும் தீர்க்காது. எங்கே தேடுவது என்று காட்டும், எது பிழை என்று தானாகச் சொல்லாது. தராசில் 16 கிலோ நின்றதை 14 என்று பதிந்திருந்தால் செய்நிரலின் எல்லா வரிகளும் சரியாகவே இருக்கும். பின்னோக்கிப் போகும் தடம் செக்ரோலில் வந்து நிற்கும். அதற்கப்பால் தேட வேண்டியது மனிதர் எழுதிய பதிவை.

பதிவே இல்லாதவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். 1977, 1981, 1983 வன்செயல்களின்போது சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பிறகு போரிலும் இடம்பெயர்ந்தன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களில் சேமலாப இலக்கத்தை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் எத்தனை பேர்? காகிதம் தொலைந்தால் தடமும் அங்கேயே அறுகிறது. அதனால் இன்று கையில் உள்ள சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் படமெடுத்து வெளியூரில் உள்ள பிள்ளைக்கும் அனுப்பிவையுங்கள்.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சம்பளத்தில் 8, தொழில் வழங்குநரிடமிருந்து 12 என்ற குறைந்தபட்ச சதவீதங்கள் சட்டப்படியானவை. குறைபாடு இருந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம்.

கந்தோருக்குப் போகும்போது "சம்பளம் பிழை" என்று மட்டும் சொல்லாதீர்கள். சந்தேகமான ஓர் எண்ணில் விரலை வைத்து, "இது எந்தெந்த எண்களிலிருந்து வந்தது? அவற்றைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டினால் நீங்களே கூட்டிப் பார்க்கலாம். காட்ட முடியாது என்றால், அந்த எண் சரியென்று சொல்ல அவர்களிடமும் ஆதாரம் இல்லை.